வீட்டுக்கோழி முட்டை: கூடையா, பிரிட்ஜா, மணல் பானையா?

கோழி வளர்க்கிற வீட்டில் முட்டையை எங்கே வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி அரிசிப் பானையைக் காட்டுவார். மருமகள் பிரிட்ஜைத் திறப்பார். விடுமுறைக்கு வந்திருக்கும் மச்சான், "லண்டனில் சூப்பர் மார்க்கெட்டிலேயே முட்டையை வெளியில்தான் அடுக்கி வைத்திருப்பான்" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கோழிக்கூட்டத்தில் சேவல் இருக்கிறதா, முட்டை அடுப்புக்கா, குஞ்சு பொரிக்க அடைக்கா என்று கேட்காமல் சொல்கிற பதில் பாதிப் பதில்தான்.

மச்சான் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கோழி முட்டையிடும்போது ஓட்டின் மேல் ஈரமாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். காற்றுப் பட்டதும் அது காய்ந்து, ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகள் இந்தப் பூச்சை நம்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'ஏ' தர முட்டையைக் கழுவக் கூடாது என்பது பொது விதி. இட்ட நாளிலிருந்து 28 நாள் வரை நன்றாக இருக்கும் என்று தேதி போடுவார்கள். அமெரிக்காவில் நேரெதிர். கழுவிவிடுகிறார்கள், பூச்சு போய்விடுகிறது, பிறகு சுமார் 7 டிகிரிக் குளிரிலேயே வைத்தாக வேண்டியிருக்கிறது. இரண்டு ஏற்பாடும் அந்தந்த ஊரில் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் அங்கே கடை அலமாரியில் 18, 20 டிகிரிதான். சித்திரையில் நம் அடுக்களை 35-ஐத் தாண்டும்.

இங்கேதான் சேவல் குறுக்கே வருகிறது. சேவலோடு மேய்கிற கோழியின் முட்டை பெரும்பாலும் கருக்கூடியது. ஒழுங்காகக் குஞ்சு பொரிக்க 37 டிகிரி சொச்சமும் 21 நாளும் வேண்டும். ஆனால் வெப்பம் இருபதுகளின் நடுவைத் தாண்டினாலே கரு மெல்லத் தலைதூக்கிவிடும். முழுதாக வளரவும் முடியாது, சும்மா கிடக்கவும் முடியாது. சில நாளில் அது உள்ளேயே செத்து, முட்டை கூமுட்டையாகிப் போகும். "நாட்டு முட்டை சீக்கிரம் கெட்டுப்போகுது, கடை முட்டை நிக்குது" என்கிற புலம்பலுக்கு முக்கியமான காரணம் இதுதான். பண்ணைக் கோழி சேவலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதன் முட்டையில் வளர ஒன்றும் இல்லை. சேவலை இன்றைக்கே விற்றுவிட்டாலும் நாளைக்கே நிலைமை மாறாது. பெட்டையின் உடம்பில் விந்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.

ஆகவே சேவல் உள்ள வீடு, வெயில் காலம், சாப்பிடும் முட்டை என்றால் பிரிட்ஜ்தான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. சேவல் இல்லாத வீட்டில் கெடுதல் குறைவு. ஆனாலும் வெளியே ஒரு நாள் இருப்பது பிரிட்ஜில் ஒரு வாரம் இருப்பதற்குச் சமம் என்பார்கள். கோடையில் வெளியே கிடந்த முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு தட்டு முழுக்கத் தண்ணீராய் ஓடும். மார்கழி, தை மாதங்களில் நிழலான, காற்றோட்டமான இடத்தில் கூடையில் ஒரு வாரம் வைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கூடையையே நம்பலாம். இன்னொரு கணக்கும் உண்டு: சால்மொனெல்லா கிருமி சில கோழிகளின் உடம்பிலேயே இருந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தக் கிருமியைக் குளிர் கொல்லாது. பெருகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு ஹாஃப் பாயில் கொடுக்காமலிருப்பது நல்லது.

பிரிட்ஜிலும் கதவில் இருக்கிற முட்டைத் தட்டு வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சூடு படுவது அந்த இடத்தில்தான். உள் தட்டில், மூடி போட்ட டப்பாவில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். காற்றறை அகன்ற பக்கம் இருப்பதால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். மூடி எதற்கு என்றால், பக்கத்தில் கருவாடோ பலாச்சுளையோ இருந்தால் முட்டை அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன முட்டையை வெளியே எடுத்து வைத்துத் திரும்ப உள்ளே தள்ளும் பழக்கம் மட்டும் கூடாது. வெளியே வந்ததும் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு ஓட்டில் உள்ள அழுக்கும் துளை வழியே இறங்கும்.

பாட்டியின் அரிசிப் பானை? முட்டை உருளாது, உடையாது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அரிசி சூட்டைக் குறைக்காது. அந்தக் காலத்தில் முட்டை நான்கு நாள் தங்கினால் அதிகம். சந்தைக்குப் போகும், இல்லை அடைக்குப் போகும். அதனால் பானை போதுமானதாக இருந்தது.

கழுவுவதா துடைப்பதா என்பதில் நான் துடைக்கிற கட்சி. குழாயடியில் பச்சைத் தண்ணீரில் அலசுவதுதான் இருப்பதிலேயே மோசம். சூடான முட்டையின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது எச்சம் கரைந்த தண்ணீரைத் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்கப் பண்ணைகளில் கழுவும் தண்ணீர் முட்டையைவிட 11 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான். வீட்டில், ஒரு புள்ளி எச்சம் ஒட்டியிருந்தால் காயவிட்டு தேங்காய் நாராலோ நைசான உப்புத்தாளாலோ லேசாகத் தேய்த்தால் போதும். முழுக்க அப்பிக்கிடந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அன்றைக்கே நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுங்கள். அடிக்கடி இப்படி அழுக்கு முட்டையே வந்தால் கோளாறு கூட்டில் இருக்கிறது. முட்டைப் பெட்டி உயரத்திலும் அடையும் கழி தாழ்விலும் இருந்தால் கோழி பெட்டியிலேயே அடையும்; கோழி ராத்திரியிலும் நிறைய எச்சமிடும். கழியைப் பெட்டியைவிட உயரமாக வைத்து, பெட்டியில் வைக்கோலை மாற்றிக்கொண்டிருந்தால் உப்புத்தாளுக்கு வேலையே இருக்காது.

எடுக்கிற நேரத்தில், சாயங்காலம் ஒரே தடவை என்பது வசதி. காலை பத்து மணிவாக்கில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்பது பாதுகாப்பு. பெரும்பாலான கோழிகள் மதியத்துக்குள் இட்டு முடித்து, கேறிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதுவரை ஒரே பெட்டியில் மாறி மாறி உட்கார்ந்தால், முதல் முட்டை மற்ற கோழிகளின் சூட்டில் கிடக்கும். கீரிக்கும் காக்கைக்கும் சாரைப் பாம்புக்கும் அது அழைப்பு வேறு.

கோழி இடம் மாற்றி வைக்கோல் போரில் போய் இட்டுவிடக் கூடாது என்று கூட்டில் ஒரு முட்டையை விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. யோசனை சரி, பொருள் தப்பு. வாரக்கணக்கில் அங்கேயே வெந்துகொண்டிருக்கும் அந்த முட்டை, ஒருநாள் அவசரத்தில் நல்ல முட்டைகளோடு கூடைக்கு வந்துவிடும். கரிக்கோடு போட்டாலும் கோழி மிதித்து மிதித்து அழிந்துபோகும். களிமண்ணை முட்டை அளவுக்கு உருட்டிக் காயவைத்து வெள்ளையடித்து வையுங்கள். கோழி ஏமாறும், நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

அடைக்கு வைக்கும் முட்டைக்கு மேலே சொன்ன தீர்ப்பு அப்படியே தலைகீழ். பிரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் கரு பிழைப்பது சந்தேகம், கூடையின் 35-ல் அரைகுறையாய் வளர்ந்து கெடும். 15 முதல் 18 டிகிரி இருந்தால் உத்தமம். ஏசி இல்லாத வீட்டில் அதற்கு அருகில் போக முடிகிற வழி மணல் பானைதான்: அகன்ற மண்சட்டியில் பாதிக்கு ஈர மணல், அதன் மேல் சின்னப் பானை, பானைக்குள் முட்டை, வாயில் பருத்தித் துணி. காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தால் ஆவியாகும்போது பானை குளிரும். ஆனால் இது காற்று வறண்ட ஊரில் எடுபடுகிற அளவுக்குக் கடலோரத்தில் எடுபடாது. கோயம்புத்தூர்ப் பக்கம் நன்றாக இறங்கும். சென்னை, நாகப்பட்டினம் புழுக்கத்தில் கொஞ்சம்தான். எப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிட வேண்டும், இந்த முட்டையைக் கழுவவே கூடாது.

எண்ணெய் தடவுவது பற்றியும் கேட்பார்கள். இட்ட அன்றைக்கே, சுத்தமான முட்டையில் தடவினால் துளை அடைபட்டு முதுமை தள்ளிப்போகும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குச் சின்ன உதவி. சேவல் பிரச்சினையை அது முழுதாகத் தீர்க்காது. சுண்ணாம்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் முறை குளிர் நாடுகளில் கோழி முட்டையிடாத பனிக்காலத்துக்காக வந்தது. இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கோழி இட்டுக்கொண்டிருக்கிறது, தேவையில்லாத வேலை.

சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வயதை மட்டும் சொல்லும்: காற்றறை பெரிதாகப் பெரிதாக முட்டை எழும்பும். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. சேவல் உள்ள வீட்டுக்கு மொபைல் டார்ச்தான் மேல். இருட்டில் அகன்ற முனையில் ஒளியை வைத்தால், வளரத் தொடங்கிய கருவின் சிவப்பு நரம்பு சிலந்திக்கால்போலத் தெரியும். அப்புறமும் வாணலியில் நேராக உடைக்காமல் ஒரு டம்ளரில் உடைத்துப் பார்த்து ஊற்றுங்கள். கெட்டதைக் கொல்லையில் வீசிவிடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். உடைந்த முட்டையை ருசி கண்ட கோழி அடுத்துக் கூட்டில் இருப்பதையும் கொத்தும்.