மாவுக் கடையில் ஒரு பேட்டரி: மூன்றரை வருடக் கணக்கு

டெல்லி மயூர் விஹாரில் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். ஐந்து கிரைண்டர், ஒரு சின்னக் குளிர் அறை, இரண்டு ஃப்ரீசர், 15 கிலோவாட் இணைப்பு. 2022 ஏப்ரலில் 20 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரியும் 10 கிலோவாட் இன்வெர்ட்டரும் போட்டோம். வயரிங்கோடு ஆறரை லட்சம். வருடா வருடம் விலை இறங்கிக்கொண்டே வந்த பேட்டரி, அந்த வருடம் மட்டும் ஏறியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் உலகச் சராசரி 2022-ல் ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட் பிடிக்கும் பேட்டரிக்கு, 151 டாலர், 2024-ல் 115. நல்ல நாள் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்!

அதற்கு முன் டீசல் ஜெனரேட்டர்தான். லிட்டர் 90 ரூபாயை ஒட்டி விற்ற டீசலில் மூன்று யூனிட் கிடைத்தால் பெரிது. யூனிட்டுக்கு 30 ரூபாய். ஃப்ரீசரை மட்டும் ஓட்டினால் அந்த மூன்று யூனிட்கூடக் கிடைக்காது. குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போனால் ஜெனரேட்டருக்குத் தடை வேறு. பிறகு 2023-ல் வந்த உத்தரவுப்படி, ஜெனரேட்டரின் அளவைப் பொறுத்து, புகையைக் குறைக்கும் கருவி மாட்டவேண்டும், அல்லது எரிவாயுவும் சேர்ந்து ஓடும்படி மாற்றவேண்டும். எங்களுடைய பழைய மிஷினுக்கு அந்தச் செலவு தண்டம்.

பேட்டரி வந்த முதல் வாரமே தகராறு. கரண்ட் போன நேரத்தில் இரண்டு கிரைண்டரைச் சேர்த்துப் போட்டால் இன்வெர்ட்டர் பொத்தென்று நின்றுவிடும். விற்றவர், மோட்டார்கள் ஓடும்போது இழுக்கும் வாட்டைக் கூட்டி 10 கிலோவாட் போதும் என்று சொல்லியிருந்தார். மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. குளிர் அறை கம்ப்ரெஸருக்கு, மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். கிரைண்டர்களுக்கு வைத்தியம் சுலபம்: ஸ்விட்ச் போர்டில் “ஒண்ணு ஒண்ணா போடு” என்று எழுதி ஒட்டினோம். இன்றைக்கும் அந்தத் தாள் இருக்கிறது, மாவுக் கறையோடு.

விற்கும்போது எல்லோரும் பெரிதாகச் சொல்வது பில் மிச்சத்தைத்தான். டெல்லியில் எங்களைப் போன்ற வணிக இணைப்புக்கு மே முதல் செப்டம்பர் வரை மதியம் 2 முதல் 5 வரையும், இரவு 10 முதல் 1 வரையும் 20 சதவீதம் கூடுதல். காலை 4 முதல் 10 வரை 20 சதவீதம் தள்ளுபடி. விடியற்காலையில் பேட்டரியை நிரப்பி, விலை ஏறும் நேரத்தில் குளிர் அறையை அதில் ஓட்டினோம். நாளுக்கு 12 யூனிட். அப்போது அடிப்படை விலை யூனிட்டுக்கு 8.50 ரூபாய். ஏற்றி இறக்குவதில் 12, 13 சதவீதம் வீணாகும். எல்லாம் போக நாளைக்கு 28 ரூபாய் நின்றது. ஐந்து மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஆறரை லட்சத்தில் இதைப் போட்டு வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த 28 ரூபாய்க்கு ஆசைப்பட்டதன் பலனும் கிடைத்தது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை காணாத உச்சம். அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. மதியமே பேட்டரியைச் செலவழித்திருந்தோம். “அண்ணே, பெட்டி கத்துது” என்று பையன் ஓடிவந்தபோது 22 சதவீதம் காட்டியது. பத்தரைக்குத்தான் கரண்ட் வந்தது. அதற்குள் எழுபது கிலோ மாவு பொங்கிப் புளித்துவிட்டது. பாதியை அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்தோம், மீதி சாக்கடைக்கு. அன்றிலிருந்து, கரண்ட் இருக்கும்போது 60 சதவீதத்துக்குக் கீழே தானாக இறங்காதபடி செட்டிங் வைத்திருக்கிறேன். பில்லைக் குறைக்கவும் ஆபத்துக்கு உதவவும் ஒரே பேட்டரி என்றால், இரண்டில் எதற்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளவேண்டும். எனக்கு ஆபத்துக்குத்தான்.

சதவீதக் கணக்கையும் முழுசாக நம்பவேண்டாம். எங்களுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பேட்டரி. பாதிக்கு மேலே கீழே எங்கே இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணித்தான் மீட்டர் காட்டுகிறது. பாதியிலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை தப்பிப்போகும். ஒருமுறை 35-லிருந்து நேராக 9-க்கு விழுந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நூறு வரை நிரப்ப ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தோம். மே மாதச் சூட்டில் சார்ஜ் ஏறுவதைத் தானே குறைத்துக்கொண்டது. உள்ளறைக்கு மாற்றி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். குளிர்காலத்தில் பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவுதான் பொங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும், அது வேறு கதை.

போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிரப்பி, காலியாகும் வரை ஓட்டி அளந்தேன். புதிதில் 18 யூனிட் கொடுத்தது இப்போது 16.8. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, நடுவில் ஒரு கூலிங் ஃபேன் மாற்றியதோடு சரி.

அந்தத் தகரக் கூரைக்கு அடியில் ஜெனரேட்டர் இன்னும் துணி மூடி நிற்கிறது. எடைக்குப் போட ஆள் வந்தார். வீட்டம்மா, “அந்த ஜூன் மாசத்தை மறந்துட்டீங்களா?” என்றாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.