ஹோம் தியேட்டருக்கு பவர் கண்டிஷனர் அவசியமா? சேரன்மாதேவி பக்கத்துல இருந்து நம்ம அனுபவம்

பவர் கண்டிஷனர்ங்கது செவத்து பிளக்குக்கும் சாமானுக்கும் நடுவுல மாட்டி, லைன்ல வார இரைச்சல், சர்ஜ் (திடீர்னு ஏறுற வோல்டேஜ்) இதெல்லாம் தடுக்குற பெட்டி. நம்ம வீட்ல அத மாட்டி நாலஞ்சு மழைக்காலம் ஆயிப்போச்சு, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சவுண்டு குடுக்குற பெட்டி), சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), டிவி எல்லாம் அதுலதான் ஓடுது. வாங்கலாமான்னு கேக்கவங்களுக்கு மொதல்லயே சொல்லிருதேன், சவுண்டு கூடும்னு நெனச்சு மட்டும் வாங்காதீங்க அண்ணாச்சி.

தம்பிய விட்டு செவத்து பிளக்குலயும் கண்டிஷனர்லயும் மாத்தி மாத்தி மாட்டச் சொன்னேன், எதுல ஓடுதுன்னு என்கிட்ட சொல்லாம. அதே பாட்டு, அதே வால்யூம், ஒரு வித்தியாசமும் தெரியல. ஏன்னா ரிசீவருக்குள்ளயே ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர்லாம் இருக்குல்லா, ஏசிய டிசியா மாத்தும்போதே லைன்ல வார இரைச்சல் முக்காவாசி அங்கனயே அடங்கிரும். சப்வூஃபர்ல ஒரு ஹம் இருந்துச்சு, கண்டிஷனர் போட்டும் போகல, கேபிள் டிவி ஒயர கழட்டுனதும் பட்டுனு நின்னுச்சு. அது கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த் சேந்து சுத்துறதால வார ஹம், அந்த ஒயருக்கு அந்தத் தொடர்ப அறுக்குற ஒரு ஐசொலேட்டர் போட்டா முடிஞ்சுது.

அப்புறம் வோல்டேஜ். 230 வரணும், நம்மூர்ல நடவு நேரத்துல பம்புசெட்டு எல்லாம் ஓடும்போது சாயங்காலம் 180க்கு எறங்கிரும், இத சாதா கண்டிஷனர் தூக்கி விடாது, அதுக்கு ஸ்டெபிலைசர்தான். டிவி பின்னாடி 100-240னு போட்டிருந்தா அதுக்கு அதுவும் வேண்டாம்.

ஆனா நான் இத கழட்ட மாட்டேன். போன வருஷம் காத்துல தெருக் கம்பத்துல நியூட்ரல் அந்துபோச்சு, அப்படி ஆனா வீட்டுக்குள்ள 400 வரைக்கும் கூட ஏறும், பக்கத்து வீடுகள்ல ஃபிரிட்ஜ், டிவின்னு போச்சு, நம்மளுது டக்குனு கட் ஆயிருச்சு. காரணம் இதுல ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே இருக்கு. வெறும் எம்ஓவி (சர்ஜ உறிஞ்சுற சின்ன பாகம்) மட்டும் உள்ள பெட்டின்னா தாங்காது, எம்ஓவிங்கது கண்ணிமைக்கிற நேரத்துக்கும் கம்மியா வந்துபோற சர்ஜுக்குத்தான், நிமிஷக்கணக்கா கூடுதல் வோல்டேஜ் நின்னா அதுவே கருகிரும். வாங்கும்போது இந்த ஒண்ண கேட்டு வாங்குங்க, கோல்டு பிளேட்டிங் பின்னு, விலை கூடுன கேபிளு அதெல்லாம் என்னத்துக்கு.

அதுக்கும் முன்னாடி எர்த்தப் பாருங்க. எர்த் சரியில்லன்னா சர்ஜ் எறங்க வழி ஏது? ஆத்தோரம் மண்ணு ஈரமா கெடக்கும், வள்ளியூர் ராதாபுரம் பக்கம்லாம் வறண்ட மண்ணு, கத்திரி வெயில்ல எர்த் குழி காஞ்சுபோகும், குழாய்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். மல்டிமீட்டர்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வச்சுப் பாத்தா ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா பரவால்ல, அதுக்கு மேலன்னா எலக்ட்ரீசியன் அண்ணாச்சிய கூப்புடுங்க.

ஐப்பசி கார்த்திகைல இடி வெட்டும்போது எந்தப் பெட்டியையும் நம்பாதீங்க, பிளக்கையும் கேபிள் ஒயரையும் உருவிப் போட்ருங்க. எம்ஓவி ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், அதனால புரொடெக்‌ஷன் (பாதுகாப்பு) லைட்ட அப்பப்ப பாருங்க, அது அணைஞ்சாலும் நெறைய மாடல்ல கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா பாதுகாப்பு இருக்காது.