ஜெர்பெரா: தரையில் வைப்பதா, தொட்டியில் வைப்பதா?

ஒரே நாளில் ஆறு ஜெர்பெரா பூச்செடிக் கன்றுகளை வாங்கி வந்து, மூன்றைத் தரையிலும் மூன்றைத் தொட்டிகளிலும் வைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. தரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொட்டியில் மூன்றும் பூக்கின்றன. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை: தொட்டிதான்.

தரையையும் குறை சொல்லிவிட முடியாது. முதல் மூன்று மாதம் அங்கேதான் செடி செழித்தது. வேர் ஆழமாக இறங்க இடம் உண்டு, தினமும் தண்ணீர் கேட்காது, பூக்காம்பும் தொட்டிச் செடியைவிட நீளமாக வந்தது. வெயில் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், அதில் காலை வெயில் நல்லது. உச்சி வெயில் கடுமையாக இருந்தால் கொஞ்சம் நிழல் கொடுக்கலாம்.

முடிவைத் தீர்மானித்தது குருத்து. ஜெர்பெராவுக்கு மேலே தெரிகிற மாதிரி தண்டு கிடையாது. இலை, மொட்டு எல்லாமே மண்மட்டத்தில் இருக்கும் ஒரே குருத்திலிருந்துதான் கிளம்பும். அதன்மேல் மண் மூடினாலோ, ஈரம் தங்கினாலோ அழுகல் ஆரம்பித்துவிடும். நடும்போதே குருத்து மண்ணுக்கு மேல் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் தெரிய வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் நட்டேன். ஆனால் வேர் பிடிக்கப் பிடிக்க, செடி தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்கிறது! மழைத்துளி தெறித்த மண்ணும் சேர்ந்துகொள்ள, சில மாதங்களில் குருத்து பாதி புதைந்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

ஒருநாள் மாலை இலைகள் தொங்கிக் கிடந்தன. தாகம் என்று நினைத்து ஒரு குடம் ஊற்றினேன். மறுநாள் இன்னும் துவண்டது. மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம். ஒரு இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன், அடியோடு கையில் வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்திருந்தது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது தாகமில்லை, வேரோ குருத்தோ அழுகுகிறது என்று அர்த்தம். பைட்டோப்தோரா என்ற கிருமி இப்படித்தான் செய்யும். ஈர மண்ணில் தண்ணீரோடு சேர்ந்தே பரவும். என்னுடையதும் அதுதானா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று செடியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

தொட்டியிலும் குருத்து புதையத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது பத்து நிமிட வேலை. செடியை மண்ணுருண்டையோடு தூக்கி, அடியில் கொஞ்சம் கலவை போட்டு, உயர்த்தி வைத்தால் முடிந்தது. அடைமழை வந்தால் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடலாம். நான் போடும் கலவை மண், மட்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சமபங்கு, கூடக் கொஞ்சம் ஆற்றுமணல். தண்ணீரைக் காலையில், விளிம்பையொட்டி ஊற்றுவேன். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும்.

பூ சம்பந்தமான கோளாறுகளையும் தொட்டியில் சரிசெய்வது சுலபம். இலை மட்டும் காடாக வளர்ந்து பூ வரவில்லையா? தழைச்சத்து கூடிப்போயிருக்கும், இல்லாவிட்டால் வெயில் போதவில்லை. உரத்தை நிறுத்தி, தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். அடியிலிருந்த கிழட்டு இலைகளைக் கழித்து நடுவில் வெளிச்சம் விழச் செய்தேன். மொட்டு வந்தது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் செடிக்குப் பிடிக்கும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. தொட்டியில் கலவையை மாற்றினால் போதும், தரையில் மொத்த மண்ணோடும் மல்லுக்கட்ட வேண்டும். இதழில் வெளிறிய கோடுகள், பூ கோணலாக விரிவது என்றால் இலைப்பேனைச் சந்தேகிக்க வேண்டும். பூவை வெள்ளைத்தாள் மேல் தட்டிப் பாருங்கள், சின்னச் சின்னதாக ஓடும்.

அப்புறம் ஒன்று, இது இரண்டுக்கும் பொது. வாடிய பூவைக் கத்தரிக்காதீர்கள். காம்பின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். வெட்டி விட்ட கட்டை அழுகி, குருத்துக்கும் பரவலாம்.

தொட்டியின் தொல்லை தண்ணீர்தான். வெயில் காலத்தில் தினமும் பார்க்க வேண்டும், நாலு நாள் வெளியூர் போனால் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். சத்தும் தண்ணீரோடு வடிந்துபோவதால் அளவாக, ஆனால் அடிக்கடி உரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: என் தரை களிமண். மணற்பாங்கான மண்ணில் நான் வளர்த்ததில்லை. வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் கூரைக்கடியில் மேட்டுப்பாத்தி போட்டு, சொட்டுநீர் விட்டு, பாத்தியிலேயே அழகாகப் பூக்க வைக்கிறார்கள். உங்கள் மண் தண்ணீரை உடனே வடிய விடுமென்றால், மேட்டுப்பாத்தியில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம்.

நான் மறுபடி முயலவில்லை. அந்த இடத்தில் கல்வாழை வைத்துவிட்டேன், தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.