செம்பருத்தியில் மாவுப்பூச்சி: சோப்புக் கரைசலா, வேப்பெண்ணெயா, கடை மருந்தா?

மாடியிலோ பால்கனியிலோ செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் தவறாமல் வரும் விருந்தாளி மாவுப்பூச்சி. நுனிக் கொழுந்து சுருண்டு, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்து, கிளைக் கணுக்களில் அரிசிமாவை அப்பியதுபோல் வெள்ளை படிந்திருக்கும். இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். அவற்றில் எது பால்கனித் தொட்டிக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைச் சில ஆண்டு அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மருந்தைத் தேடுவதற்கு முன் வந்திருப்பது மாவுப்பூச்சிதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். செடியை அசைத்தவுடன் வெள்ளையாகப் பறந்தால் அது வெள்ளை ஈ. இலையின் மேல் சாம்பல் பூத்ததுபோல் பரவலாகப் படிந்திருந்தால் அது சாம்பல் நோய், பூசணம், பூச்சியன்று. இலை முழுதும் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. எட்டுக் கால் கொண்ட அதற்குப் பூச்சிக்கான மருந்துகள் பல வேலை செய்வதில்லை. மாவுப்பூச்சியை ஈர்க்குச்சியால் தொட்டால் மெதுவாக நகரும், நசுக்கினால் நீர் கசியும், பக்கத்திலேயே எறும்பு வரிசை இருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு அது வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காகவே எறும்புகள் வருகின்றன. அந்தப் பிசுக்கின்மேல்தான் பிறகு கரும்பூசணம் படர்கிறது.

மேலே தெளிக்கும் மருந்துகள் இந்தப் பூச்சியிடம் தடுமாறுவதற்குக் காரணம் அதன் மெழுகுப் போர்வைதான். தெளிக்கும் நீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் முட்டைகளையும் எளிதில் எட்ட முடியாது. முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்து நகரும் இளம்பூச்சிகளுக்கு மட்டும் இந்தப் போர்வை இன்னும் உருவாகியிருக்காது. ஆகவே இத்தகைய மருந்துகளை ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்துவது வீண். ஏழு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை தெளித்தால்தான் அடுத்தடுத்துப் பொரித்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க முடியும்.

என் முதல் தேர்வு சோப்புக் கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. மென்மையான திரவ சோப்பைக் கலந்து, முதலில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, இலையின் அடிப்புறமும் கணுவிடுக்கும் நனையும்படி தெளிக்க வேண்டும். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதன்மேல் ஏறும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. பலவீனம் என்று சொல்லப்படும் இதே குணம்தான் வீட்டுக்கு நல்லது, ஏனெனில் மறுநாள் பூவுக்கு வரும் தேனீக்கு அங்கே விஷம் எதுவும் மிச்சமிருக்காது. துணி துவைக்கும் சோப்புத்தூள் மட்டும் கூடாது, இலை கருகிவிடும். இன்னொன்றும் உண்டு: ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதக்கும், பூச்சியைக் கொல்லும் திறனும் போய்விடும். இரண்டு மாதம் விடாமல் தெளித்தும் பலனில்லாமல் நான் சோர்ந்துபோனதற்கு இதுவே காரணம். பிறகு பிடித்துவைத்த மழைநீரில் கலந்தபோது மூன்றாவது வாரத்தில் செடி துளிர்த்தது. மழைநீர் இல்லாதவர்கள் பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம். அதன் நுரை உப்புநீரிலும் திரிவதில்லை.

வேப்பெண்ணெய் நம் மண்ணின் மருந்து. அதன்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் தெளித்த மறுநாளே பூச்சிகள் செத்து விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் தடுக்கிறது. பலன் தெரிய ஒரு வாரமாவது ஆகும். வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெயை முதலில் சிறிது சோப்போடு பால்போல் அடித்துக் கலக்கி, பிறகே நீரில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து, ஓரிடத்தில் திட்டாகப் படிந்து இலையைச் சுட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் கூட்டத்தை அழிக்க சோப்பு, திரும்ப வராமல் காக்க வேப்பெண்ணெய் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடையில் கேட்டால் பெரும்பாலும் இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிக்கொல்லியைத் தருவார்கள். செடியின் சாற்றில் கலந்து உள்ளிருந்தே கொல்வதால் மெழுகுப் போர்வை இதற்குத் தடையில்லை. ஆனால் சாற்றில் பரவும் மருந்து தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது. தேனீக்களுக்கு ஆபத்து என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. தேன்சிட்டு வந்து உறிஞ்சும் செம்பருத்தியில், பக்கத்தில் துளசியும் கறிவேப்பிலையும் நிற்கும் பால்கனியில், குழந்தைகள் கைவைக்கும் இடத்தில் இதை நான் தெளிக்கமாட்டேன்.

புளித்த மோர், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் போன்றவை தொடக்க நிலையில் ஓரளவு விரட்டலாம். கூட்டம் பெருகிவிட்டால் அவற்றை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. வீட்டுக்குள் வைத்திருக்கும் சிறு தொட்டிச் செடிகளுக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுவது நல்ல வழி. ஸ்பிரிட் மெழுகைக் கரைத்துவிடும். ஓர் இலையில் தொட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். ஆளுயரச் செம்பருத்திக்கு இது நடக்கிற காரியமில்லை.

இந்த ஒப்பீட்டில் பலரும் சேர்க்காத ஒரு போட்டியாளர் இயற்கை எதிரி. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழகம் முழுக்கப் பரவியபோது மருந்துகளால் அடக்க முடியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவியே அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. வீட்டுத் தோட்டத்தில் அந்த வேலையைச் செய்வது பொறிவண்டு. கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளோடு, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, அதன் அண்ணன்போலவே இருக்கும். பெரிய மாவுப்பூச்சி என்றெண்ணி அதை நசுக்கியவர்களில் நானும் ஒருத்தி. இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது. வெள்ளை இழைகளோடு விறுவிறுவென ஓடினால் அது நம் நண்பன். அதைக் கண்ட கிளையில் சோப்பையும் தெளிக்காதீர்கள்.

தடுப்பில் முதல் வேலை எறும்பை நிறுத்துவது, ஏனெனில் அவை பொறிவண்டுகளை விரட்டி மாவுப்பூச்சியைக் காக்கின்றன. தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, சுவரையோ கம்பியையோ தொடும் கிளைகளைக் கத்தரித்துவிட்டால் பாதி வழி அடைபடும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அடிக்கடி போட்டால் தண்டு சாறேறி மென்மையாகி, பூச்சியை வரவேற்கும். நாற்றங்காலிலிருந்து வாங்கி வரும் புதுச் செடியை மூன்று வாரம் தனியே வைத்து, கணுக்களையும் தொட்டியின் விளிம்புக்கு அடிப்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். எங்கள் பால்கனிக்கு இந்தப் பூச்சி முதன்முதலில் வந்தது, அப்படி விளிம்படியில் ஒளிந்திருந்த ஒரே ஒரு பஞ்சுப் பொதியில்தான்.