அமெரிக்க மடக்குக்கத்திகள்: உள்ளூரில் செய்ததும் கடல் தாண்டி வந்ததும்

பக் நிறுவனத்தின் 110 மாதிரி மடக்குக்கத்தி பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 1964-இல் சந்தைக்கு வந்த வடிவம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை. இரு முனையிலும் பித்தளை, நடுவில் மரம், முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு. எடை 200 கிராமைத் தாண்டும். கால்சட்டைப் பையில் போட்டால் பை ஒருபக்கமாகத் தொங்கும். தோலுறையில் செருகி இடுப்பு வாரில் மாட்டிக்கொள்வதுதான் இதற்குச் சரி. பித்தளையைப் பளபளப்பாக வைத்திருக்க ஆசைப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது அது பழைய குத்துவிளக்கின் நிறத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இந்த நிறுவனம் 2005-இல் கலிஃபோர்னியாவை விட்டு ஐடஹோ மாநிலத்தின் போஸ்ட் ஃபால்ஸ் ஊருக்குப் போனது. விலை குறைந்த சில மாதிரிகளைச் சீனாவில் செய்வித்தாலும் 110-ஐ மட்டும் நாட்டை விட்டு அனுப்பவில்லை. அதன் எஃகு 420எச்சி என்னும் விலை குறைந்த சாதாரண வகை. பெயரைக் கேட்டதுமே எஃகுப் பித்தர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் எஃகைப் பதப்படுத்துவதில் பெயர்பெற்ற பால் பாஸ் என்பவர் வகுத்த முறைப்படி காய்ச்சி, குளிரவைத்து, பதமிறக்கி, ராக்வெல் அளவில் ஏறக்குறைய 58 கடினத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பதத்தின் அருமை சாணைக்கல்லில் தெரியும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். நகத்தை வைத்தால் தட்டுப்படும். நல்ல பதமுள்ள எஃகில் கையை லேசாக்கி நாலு முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பதம் கெட்ட எஃகில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடிந்துகொண்டே இருக்குமே தவிர விழாது. பெட்டியில் எந்த நாட்டின் கொடியை அச்சிட்டாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது.

அப்படியென்றால் அமெரிக்காவில் செய்ததுதான் உசத்தியா? என் கால்சட்டைப் பையில் தினமும் போவது ஸ்பைடர்கோ டெலிகா. நிறுவனம் கொலராடோவின் கோல்டன் நகரத்தில். கத்தி வருவது ஜப்பானின் செகியிலிருந்து. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாள் அடித்த கொல்லர்களின் ஊர் அது. 1981-இல் இந்த நிறுவனம் தன் முதல் மடக்குக்கத்தியைச் செய்வித்ததே ஜப்பானில்தான். கோல்டனில் சொந்தத் தொழிற்சாலை பிறகு வந்தது. ஆகவே இங்கிருந்த வேலையைப் பறித்து வெளியே கொடுத்தார்கள் என்ற வழக்கமான புலம்பல் இங்கே பொருந்தாது. டெலிகாவின் எடை சுமார் 70 கிராம், எஃகு விஜி-10. அட்டைப்பெட்டி, கயிறு, ஆப்பிள் என்று எதைக் கொடுத்தாலும் வெட்டுகிறது. கூர் 110-ஐ விட நீண்ட நாள் நிற்கிறது. ஆனால் மழுங்கிய பிறகு தீட்ட அதிக நேரம் பிடிக்கிறது. இதே நிறுவனத்துக்குத் தைவானின் தைச்சுங்கில் செய்யப்படும் கத்திகளின் நேர்த்தியைப் பார்த்தால், ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கியெறிய யாருக்கும் மனம் வராது.

எரிச்சலூட்டும் கதை வேறு இடத்தில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் எலன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேடு கத்தி ஆலை 2004-இல் மூடப்பட்டது. ஷ்ரேடு, ஓல்டு டைமர் ஆகிய அதன் வணிகப் பெயர்களை வேறொருவர் வாங்கினார். அதன்பின் அதே பெயர்களில் கத்திகள் சீனாவிலிருந்து வரத் தொடங்கின. அதே பழுப்புக் கைப்பிடி, அதே மூன்று அலகுகள். எலன்வில்லில் செய்த பழைய ஓல்டு டைமர் ஒன்று என்னிடம் உண்டு. அது 1095 என்னும் கார்பன் எஃகு. எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். ஆனால் கல்லில் வைத்த உடனே கூர் ஏறும். புதியவற்றில் துருப்பிடிக்காத எஃகு. அதை விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். தாத்தா வைத்திருந்த கத்தியைத் தேடிப் போகிறவர் மட்டும் தெரிந்துகொண்டு வாங்கட்டும்: ஸ்பைடர்கோ ஜப்பானுக்குக் கொடுத்தது வேலையை, ஷ்ரேடு கதையில் கைமாறியது வெறும் பெயர்.

இன்னொரு அமெரிக்கப் பெயரில், சீனாவில் செய்த மலிவான கத்தி ஒன்றும் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். லைனர் பூட்டின் தகடு, அதாவது விரித்த அலகை மடங்காமல் தாங்கும் உள்தகடு, மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் வரை நகர்ந்துவிட்டது. திருகை இறுக்கினால் அலகு நகராது. தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் எழுதி, புதிதாக ஒன்றை அனுப்பினார்கள். பழையதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, எறிந்துவிடலாம் என்றார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு உறுத்தியது. பழுது பார்க்க இங்கே ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. செய்த கை பக்கத்தில் இருந்தால் கத்தியை அனுப்பலாம், திருத்தி வாங்கலாம். உள்ளூர்க் கத்திக்கு நான் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான், தேசபக்திக்காக அல்ல.

ஊர் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்குச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. அமெரிக்காவுக்குள் வரும் கத்தியில் செய்த நாட்டின் பெயரை உலோகத்திலேயே அச்சடிக்கவோ பொறிக்கவோ வேண்டும், ஒட்டுச்சீட்டு போதாது. சிலர் அதை அலகின் அடிப்பகுதியில், விரித்தால் மட்டும் கண்ணில் படும் இடத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். கடையில் கேட்டு, விரித்துப் பாருங்கள். ‘அமெரிக்காவில் செய்தது’ என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் போட வேண்டுமானால், பொருள் முழுவதுமோ ஏறத்தாழ முழுவதுமோ அங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. ‘அமெரிக்காவில் வடிவமைத்தது’ என்று மட்டும் இருந்தால் அது எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்லவில்லை என்று பொருள்.

பழைய கத்தி வாங்குகிறவர்கள் முத்திரையோடு நிறுத்த வேண்டாம். சாணை பிடித்துப் பிடித்து அலகு ஒடுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாதி மூடி, மீதியைக் கைப்பிடிக்குள் இருக்கும் வில்லே (ஸ்பிரிங்) இழுக்கிறதா என்று கவனியுங்கள். சோம்பேறித்தனமாக மூடிக்கொண்டால் எலன்வில் முத்திரை இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.