ஹாலோவீன் இரவுச் சாப்பாடு: மம்மி சாசேஜா, முகம் வெட்டிய குடைமிளகாயா?

பேய் வேடத் திருநாளான ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 அன்று டொரன்டோவில் மாலை ஆறு மணியைச் சற்றுக் கடந்ததும் சூரியன் மறைந்துவிடுகிறது. குழந்தைகள் வேடமணிந்து வீடு வீடாக மிட்டாய் வாங்கப் புறப்படுவதும் அப்போதுதான். சிறுவர்கள் ஐந்தரைக்கே சாப்பிட்டுவிட, வாசலில் மிட்டாய்க் கிண்ணத்துடன் நிற்பவர் எட்டு மணிக்குத்தான் தட்டருகே வருவார். எனவே, பார்க்கப் பயமாக இருக்கிறதா என்பதைவிட, செய்த பண்டம் இரண்டரை மணி நேரம் கெடாமலும் ஆறாமலும் காத்திருக்குமா என்பதே பெரிய கேள்வி. துணி சுற்றிய எகிப்தியப் பிணம்போல மாவுப் பட்டை சுற்றிய மம்மி சாசேஜ், முகம் வெட்டிய குடைமிளகாய், பூசணிக்குள் வேகும் குழம்பு ஆகிய மூன்றையும் செய்து பார்த்த எங்கள் வீட்டில் குடைமிளகாயே நிலைத்துவிட்டது.

தோற்றத்தில் மம்மி சாசேஜுக்கு ஈடில்லை. பஃப் பேஸ்ட்ரி எனும் அடுக்கு மாவை மெல்லிய பட்டைகளாக நறுக்கிக் கட்டுத் துணிபோலச் சுற்றும் வேலையைக் குழந்தைகளே செய்துவிடுவார்கள். 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் போதும், வெந்த பிறகு கடுகுச் சாந்தால் கண் வைக்கலாம். ஆனால் ஓவனிலிருந்து எடுத்த அரை மணி நேரத்தில், உள்ளிருந்து வரும் ஆவியால் மாவு நமுத்துவிடும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொண்டையில் அடைக்காதிருக்கச் சாசேஜை நீளவாக்கில் பிளந்து சிறு துண்டுகளாக்கித் தரவேண்டும். அப்படி நறுக்கியபின் மம்மி எங்கே மிஞ்சும்?

குடைமிளகாய் பொறுமையான பண்டம். முதல் நாளே முகம் வெட்டி, உள்ளே நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். சோற்றை மட்டும் நன்றாக ஆறவிட்டு, வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைப்பது அவசியம். அடியில் நான்கு புடைப்புகள் உள்ள காயாகப் பொறுக்கினால் தட்டில் சாயாமல் நிற்கும். காம்புப் பகுதியைச் சாய்வாக வெட்டினால் மூடி பிறகு உள்ளே சரியாது. கண்களைச் சிறியதாகவும் வாயைச் சற்று மேலேயும் வெட்டவேண்டும்; வேகும்போது சதை தளர்ந்து வெட்டுகள் தாமாகவே அகலும், மெல்லிய புன்னகை கோரச் சிரிப்பாகிவிடும், அந்த வாய் வழியே உருகிய சீஸ் எச்சிலாக வழியும். ராஜ்மா, சோளம், வதக்கிய வெங்காயம், தக்காளி, சீரகத்தூள், சீஸ் கலந்த உதிரிச் சோறு நன்றாகப் பொருந்துகிறது. தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் மூடி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வேகவிட்டபின், நடுப்பகுதி ஆவி பறக்கச் சுட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு ஓவனை 95 டிகிரிக்குக் குறைத்துவிட்டால், கடைசியாக வருபவருக்கும் சூடாகவே கிடைக்கும். தோல் சற்றுச் சுருங்கினாலும் பாதகமில்லை, கிழட்டுப் பேய் என்று சொல்லிவிடலாம். இறைச்சிக் கொத்து நிரப்பி நான் அதிகம் செய்ததில்லை; அது எவ்வளவு நேரம் உலராமல் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பூசணிக் குழம்பை விருந்தினர் ஒரே வேளையில் கூடி உட்காரும் வீட்டுக்குத்தான் பரிந்துரைப்பேன். முகம் செதுக்க விற்கும் பெரிய பூசணி நாரும் நீருமாக இருக்கும், சமையலுக்குச் ‘பை’ (pie) பலகாரத்துக்கென விற்கும் சிறிய பூசணியைத் தனியாக வாங்கவேண்டும். வாசலில் விளக்கேற்றி வைத்ததை அடுப்பில் ஏற்றுவது கூடவே கூடாது.

குடைமிளகாயில் இன்னொரு வசதி, சைவத்துக்கு வட்டக் கண், அசைவத்துக்கு முக்கோணக் கண் என்று வெட்டிவிட்டால் ஒரே ஓவனில் இரண்டு தட்டுகளை வைத்தாலும் குழப்பம் வராது. ஆரஞ்சு நிறம் விலை கூடுதலாக இருந்தால் சிவப்போ மஞ்சளோ போதும். பச்சையில் கசப்பு இருப்பதால் குழந்தைகள் முகத்தைப் பாராட்டிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் வழித்துத் தின்பார்கள்.