பை மேல் அச்சடித்த முகவரி

கடைக்கோ, சொந்தமாக எழுதுவதற்கோ புதிதாக வெப்சைட் திறக்கப்போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

பவானியில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஜமுக்காளம், பெட்ஷீட் கடை. தீபாவளிக்குள் வெப்சைட் வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பறப்பு. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற இடம்), டிசைன் சேர்த்து 18,000 ரூபாய். தளத்துக்குப் போய்வரும் விவரங்களை வேறு யாரும் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல்லுக்குத் தனியாக 3,000. (லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது என்று அப்போது யார் சொன்னார்கள்?) “உங்களுக்கு எதுக்குங்க தலைவலி, எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஆயுத பூஜையன்று திறந்தோம். போனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த முகவரியைப் போட்டு 500 துணிப்பையும் அடித்தேன். தீபாவளி வந்தது, போனது. கூகுள் வழியாக ஒரு ஆள் வரவில்லை. கடைப் பெயரையே அடித்துத் தேடினாலும் எங்கள் தளம் வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பக்கத்தின் கோடைத் திறந்து ‘நோஇண்டெக்ஸ்’ என்ற சொல்லைக் காட்டினாள். இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்வது அது. வேலை நடக்கும்போது தேடுபொறிகள் தளத்தைக் காட்டாமலிருக்க, தளம் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது; திறக்கிற அன்று அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். அந்த ஆள் எடுக்கவில்லை. “சரி, நீயே எடுத்துடு கண்ணு” என்றேன். முடியவில்லை. எனக்குக் கொடுத்திருந்தது ‘எடிட்டர்’ லாகின். செட்டிங்ஸ் பக்கமே அதில் தெரியாது. போன் போட்டதும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டு, “மறந்துட்டனுங்க” என்று சிரித்தார்.

தமிழ் விவரங்களிலும் கோளாறு. பிரஸ்ஸில் நோட்டீஸுக்குப் பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலைக் கொடுத்திருந்தேன். அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாததால், அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். திரும்பத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் படமாக ஒட்டிவிட்டார். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வைத்து எங்கள் கடையை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

இதெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது அடுத்த வருடம் வந்தது. புதுப்பிக்க 12,000 கேட்டார். டாட் காம் பெயருக்கு வருடத்துக்கு ஆயிரம் சொச்சம்தான் ஆகும் என்று விசாரித்துவிட்டு, பெயரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், அதற்கு வேண்டிய ரகசியக் குறியீடான ஆத் கோடு கொடுங்கள் என்றேன். “டொமைன் எங்க பேர்ல இருக்குதுங்க” என்றார். பதிவு செய்த கணக்கு, மெயில், உரிமையாளர் பெயர், எல்லாமே அவருடையது. 1915 என்ற உதவி எண்ணில் நுகர்வோர் புகார் கொடுக்கலாமே என்றார்கள். எழுதிய ஒப்பந்தம் இல்லை, பில் இல்லை. ஜிபே காட்டும் தொகை மட்டும்தான் என்னிடம் இருந்தது.

அவர் புதுப்பிக்கவில்லை. பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. விற்ற கம்பெனி 45 நாள் வரை வைத்திருக்கலாம். அதற்குப் பின் 30 நாளுக்குள் அபராதத்தோடு மீட்கலாம். கடைசி 5 நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மீட்கிற உரிமையும் பதிவு செய்தவருக்குத்தான். நான் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது வேறு பெயர். என் மெயில், என் கார்டு, என் போனுக்கு வரும் ஓடிபி. நானே உட்கார்ந்து வாங்கினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிசைன் செய்ய வந்த பையனுக்கு லாகின் கொடுத்தேன், வேலை முடிந்ததும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் திருப்பூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். “ஏந்தம்பி, உங்க பை மேல இருக்கற அட்ரஸை அடிச்சா சீட்டாட்டம் வருது?” பரணில் இன்னும் 300 பை கிடக்கிறது. சாயங்காலம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.